இருபது மில்லி

பழைய வண்டிக்குப் பெட்ரோல் போடுவது ஒரு கலை என்றால் மிகையாகத் தோன்றலாம். டாங்க் மூடியைத் திறந்து மூடினால் முடிகிற வேலைதானே? டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வெகு சிலருக்கே முடிந்தது. வேகத்தின் மேல் ஆசை எல்லோருக்கும் இருந்தது. அந்த ஆசைக்கு வழிவிட்ட வண்டிகள் ஓசூரிலிருந்து வந்தன. 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட், 1984-ல் இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100, 1990-களில் சாமுராய், ஷோகன், ஷாவ்லின். இவற்றில் ஷோகனைத்தான் நான் ஸ்போர்ட்ஸ் கார் வரிசையில் வைப்பேன். 110 சிசியைக்கூட எட்டாத இன்ஜினில் ஏறத்தாழ 14 குதிரைத்திறன். அக்காலத்து 100 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் அதில் பாதியைத்தான் கொடுத்தன. அந்தத் திறன் உலோகத்தில் மட்டும் இல்லை. இன்ஜினும் அது குடிக்கும் கலவையும் சேர்ந்துதான் அந்தப் படைப்பு. மிருதங்கத்தின் தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவைப் பசை ஒட்டுகிறார்கள். அந்த நாளின் ஈரத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பக் கூட்டிக் குறைக்கிறார்கள். அதை வாசிப்புக்கு வெளியே உள்ள வேலை என்று யாரும் சொல்வதில்லை. இன்றைய பெட்ரோலை ஒரு ஷோகனுக்குப் பொருந்த வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் அப்படித்தான்: வண்டியைச் செய்தவரின் வேலையைத்தான் அவர் தொடர்கிறார்.

லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில், அதாவது டூ-ஸ்ட்ரோக் எண்ணெய், என்றால் விகிதம் 50-க்கு 1. 40 மில்லி என்றால் 25-க்கு 1. டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் பெட்ரோலோடு வரும் இந்த எண்ணெயைத் தவிர வேறு உயவு கிடையாது. குறைந்தால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், அதாவது சீஸ் ஆகும். அந்தப் பயத்தில் ஒரு கை கூடுதலாக ஊற்றுவது நம் பழக்கம். தேர்ந்த மெக்கானிக் இங்கேதான் தனித்துத் தெரிகிறார். கூடுதல் எண்ணெய் பெட்ரோலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, திரவத்தைக் கெட்டியாக்குகிறது. கார்பரேட்டரின் ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறைகிறது. காற்று அதே அளவு, எரிபொருள் குறைவு என்றால் கலவை மெலிந்து இன்ஜின் மேலும் சூடாகும். காப்பாற்ற ஊற்றிய எண்ணெயே சூட்டைக் கூட்டும் இந்த முரண் அவருக்குத் தெரியும். அதனால் அவர் அளவுக் குப்பியை நம்புகிறார், பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார். அதன் பீங்கான் வெளுத்திருந்தால் கலவை மெலிவு. கறுத்து ஈரமாக இருந்தால் கலவை செறிவு. லேசாக வறுத்த காப்பிக்கொட்டையின் இளம்பழுப்பு என்றால் சரி. நாடி பார்ப்பதற்குச் சமமான வாசிப்பு இது.

இந்தக் கணக்கை எத்தனால் புரட்டிப் போட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று மாநில எல்லைக்கு அப்பால், பெங்களூருவில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கு முன்னே இழுக்கப்பட்டு 2025-லேயே எட்டப்பட்டது. இன்று ஜூஜுவாடியைத் தாண்டிக் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் போட்டாலும் இந்தப் பக்கம் ஓசூரில் போட்டாலும் விலைதான் மாறும், சரக்கு மாறாது. தூய பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதம் கலந்ததற்குச் சுமார் 13.5. புதிய வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் இதைத் தானே சரிசெய்துகொள்கிறது. 1990-களின் கார்பரேட்டரில் இருப்பதோ ஊசித்துளை போட்ட ஒரு பித்தளைத் துண்டு, அந்த ஜெட். பழைய பெட்ரோலுக்கு அளந்த அந்தத் துளை இன்று ஏறத்தாழ எட்டு சதவீதம் மெலிந்த கலவையைத் தருகிறது. சிலர் பயந்து ஆயிலைக் கூட்டுகிறார்கள். அது எப்படி முடியும் என்று மேலே பார்த்தோம். சரியான வழி ஓரிரு எண் பெரிய ஜெட். பெட்ரோலும் கூடும், அதோடு சேர்ந்து எண்ணெயும் கூடும். துளையின் பரப்பு எட்டு சதவீதம் கூட, விட்டத்தில் நான்கு சதவீதம் போதும். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசத்தில் ஒரு இன்ஜினின் ஆயுள் இருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

இந்த நிலமும் தன் பங்குக்குச் சோதிக்கிறது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். கிருஷ்ணகிரி அதைவிட நானூறு மீட்டர் போலக் கீழே. மேலே மெல்லிய காற்றில் சரியாக வைத்த கலவை கீழே அடர்ந்த காற்றில் இன்னும் சற்று மெலியும். சூளகிரி வழியாகச் சரிவில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடி கியரிலேயே உருட்டினால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆனால் பெட்ரோல் மிகக் குறைவாகவே வரும். அதோடு கலந்த எண்ணெயும் அப்படித்தான். கிளட்சைப் பிடித்து இடையிடையே ஆக்ஸிலரேட்டரைத் திருகிவிடுவது வீம்பு அல்ல, எண்ணெய் ஊட்டுவது. ஓசூரின் பனிக்காலை வேறொரு ஆபத்து. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டாங்க் வாரக்கணக்கில் நின்று, நீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். எண்ணெயோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். ரிசர்வ் குழாய் உறிஞ்சுவது அந்த அடிமட்டத்தைத்தான்: உயவே இல்லாத சாராயநீர். பழைய ரப்பர் ஹோஸும் கேஸ்கெட்டும் எத்தனாலில் ஊறி உப்புவது இதற்கு முன்னால் சிறிய தொல்லை.

டூ-ஸ்ட்ரோக் புகை கக்குமே, அது போகட்டுமே என்பார்கள். பாதி நியாயம். பெட்ரோலில் கணிசமான பங்கு எரியாமலே சைலன்சர் வழியே தப்புவது அந்த அமைப்பின் பிறவிக் குறை. 2000-த்தின் மாசு விதிகள் அதை ஓரங்கட்டியது சரியே. தினசரிப் போக்குவரத்துக்கு அது திரும்ப வர வேண்டாம். ஆனால் தெருவை மூடிய நீலப்புகையில் பெரும்பங்கு அளவு தெரியாமல் ஊற்றிய எண்ணெயின் புகை; நான் பாராட்டும் கைத்திறன் அதைக் குறைக்கும் திறன். எத்தனால் அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்துகிறது, விவசாயிக்குக் காசு தருகிறது என்பது இன்னும் வலுவான வாதம். அதை மறுக்கவில்லை. எத்தனாலின் ஆக்டேன் உயர்ந்தது, அதனால் இன்ஜின் தட்டாது என்பதும் உண்மை. ஆனால் இ20-க்கு என்றே வடிவமைக்காத வண்டிகளில் மைலேஜ் சற்றுக் குறையும் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையே கணித்தது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்ற மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிரிட்டன் 2021 செப்டம்பரில் சாதாரணப் பெட்ரோலை இ10 ஆக்கியபோது, பழைய கார்களுக்காக உயர்ரகப் பெட்ரோலை இ5 ஆகவே விட்டுவைத்தது. கொள்கையும் நடந்தது, பழைய ஸ்போர்ட்ஸ் கார்களும் பிழைத்தன. மாற்றாக இங்கே 100 ஆக்டேன் பெட்ரோல் சில நகரப் பங்க்குகளில் உண்டு. அறிமுகமான 2020-லேயே லிட்டர் ரூ.160. ஷோகன் வைத்திருப்பவருக்கு அது தீர்வாகாது. மின்வண்டிக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், அந்த மின் ஸ்கூட்டர்கள் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராவதே என் பதில். அந்தத் தொழிலுக்கு முன்பே இங்கே வேரூன்றிய தொழிலின் நுட்பம், இந்த மண்ணுக்கு அந்நியமானதல்ல.

விருப்பத்தெரிவு இல்லாத இடத்தில் கைத்திறன்தான் மிஞ்சுகிறது. அளவுக்கோடு போட்ட குப்பியில் கொஞ்சம் தண்ணீர், அதன் மேல் பெட்ரோல். குலுக்கி வைத்தால் எத்தனால் தண்ணீரோடு இறங்கி அடிமட்டக் கோடு உயர்கிறது. உயர்ந்த அளவே எத்தனாலின் அளவு. அதைப் பார்த்து ஜெட்டின் எண், ஜெட்டுக்கு ஏற்ப ஆயில். தனிக் குப்பியில் அரை லிட்டர் பெட்ரோலோடு 2டி ஆயிலைக் குலுக்கிக் கரைத்து, பிறகே டாங்கில். வண்டியை நிறுத்திவைப்பதென்றால் பெட்ரோல் குழாயை மூடி, கார்பரேட்டர் கிண்ணம் வற்றி இன்ஜின் தானாக அடங்கும்வரை ஓடவிட வேண்டும். அணையும் முன் அதன் சுற்று ஒரு கணம் தானாக ஏறும்: மெலியும் கலவையின் குரல் அது.