உத்தி பிரித்தல்

நாற்பது பேர் ஒரு பக்கம், நாற்பது பேர் எதிர்ப்பக்கம். பனி மூடிய ஒரு பள்ளத்தாக்கு. கதவு திறந்ததும் இரு படைகளும் குதிரை, ஓநாய், ஆட்டுக்கடா என்று கிடைத்ததில் ஏறிப் புறப்படுகின்றன. நடுவழியில் சந்திக்கின்றன. இதோ ஆரம்பிக்கப்போகிறது என்று நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஆரம்பிக்கவில்லை. எதிரெதிரே வரும் இரண்டு வெளியூர் பஸ்கள் போல இரு படைகளும் உரசாமல் கடந்து போய்விட்டன. இவர்கள் அவர்களுடைய தளபதியைக் கொல்லப் போகிறார்கள். அவர்கள் இவர்களுடைய தளபதியை. முந்துகிறவருக்கு வெற்றி. “என்னடா இது, சண்டையே போடலையே” என்றேன். “சண்டை போட்டா லேட்டாகும் மாமா” என்றான் அக்கா மகன்.

வடலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நெய்வேலி நகரியத்துக்கு அக்கா வீட்டுக்குப் போவது என் வழக்கம். படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருக்கும் மருமகன், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டை ஆடுவான். கவிதையையும் நாவலையும் பற்றிப் பேசுகிற இந்தப் பக்கங்களில் இதற்கென்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு உருவம் எப்படிக் காலியாகிறது என்பதை இவ்வளவு ஸ்தூலமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்பதுதான் என் பதில்.

விளையாட்டு 2004இல் வெளிவந்தது. ஆல்டெரக் என்ற அந்தப் பள்ளத்தாக்கை 2005இல் சேர்த்தார்கள். ஹோர்டு, அலையன்ஸ் என்று இரண்டு தரப்புகள். வடக்கே ஒரு கோட்டை, தெற்கே ஒரு கோட்டை, இடையில் காவல் கோபுரங்களும் இடுகாடுகளும். தொடக்கத்தில் ஒரு போர் பல மணி நேரம் நீளும். நாள் கடந்து நீண்டதும் உண்டு. தூங்கி எழுந்து வந்தால் அதே போர், வேறு ஆட்களோடு நடந்துகொண்டிருக்கும். பிறகு ஆடுபவர்கள் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். வழியில் யாரோடும் மோதாமல் நேரே தளபதியிடம் ஓடினால் பரிசு சீக்கிரம் கிடைக்கும். எதிராளிக்கும் அதே கணக்கு. இருவரும் பேசிவைத்துக்கொண்டது போல ஒருவரையொருவர் விட்டுவிட்டார்கள்.

புறத்திணை படித்தவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். கோட்டையை வளைப்பது உழிஞை, காப்பது நொச்சி. தொல்காப்பியர் நொச்சியைத் தனித்திணையாக வைக்கவில்லை, உழிஞைக்குள்ளேயே அடக்கினார். பின்னால் வந்த வெண்பாமாலைதான் இரண்டையும் பிரித்து ஆளுக்கொரு பூவைக் கொடுத்தது. தொல்காப்பியரின் ஏற்பாட்டில் ஒரு ஆழமான புரிதல் இருப்பதாக நான் நினைக்கிறேன். வளைப்பவனும் காப்பவனும் ஒரே செயலின் இரண்டு முகங்கள். ஒருவன் இல்லாமல் மற்றவனுக்குத் திணையே இல்லை. ஆல்டெரக்கில் இரு படைகளும் நொச்சியைக் கீழே போட்டுவிட்டு உழிஞையை மட்டும் சூடிக்கொண்டு ஓடுகின்றன. காக்க ஆளில்லாத இரண்டு கோட்டைகள், அவற்றை விழுத்த ஒரு ஓட்டப்பந்தயம். நம் வாரப்பத்திரிகைக் கதையும் இப்படித்தான் ஆயிற்று. வாசகனும் எழுத்தாளனும் வழியில் எதோடும் மோதாமல், அவரவர் வேகத்தில் முடிவை நோக்கி ஓடக் கற்றுக்கொண்டார்கள்.

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. 2007இல் ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு படைபல எண்ணிக்கை வைத்தார்கள். ஆள் செத்தால் குறையும், கோபுரம் எரிந்தால் நிறையக் குறையும், பூஜ்யமானால் தோல்வி. நோய்க்கு வைத்தியம்தான், ஆனால் பல மணி நேரப் போர் திரும்பி வரவில்லை. பழைய வடிவத்தையே வேண்டும் என்று கேட்டவர்களுக்காக 2019இல் அதை மறுபடி திறந்தபோது, வந்தவர்கள் முதல் நாளிலிருந்தே குறுக்குவழி தெரிந்தவர்களாக வந்தார்கள். உருவத்தை மீட்டெடுக்க முடிந்தது. அறியாமையை மீட்க முடியவில்லை.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது வேறொரு களம். ஆரத்தி என்று பெயர். கோயில் ஆரத்தி அல்ல, ஒரு மேட்டுநிலத்தின் பெயர். பக்கத்துக்குப் பதினைந்து பேர்; ஐந்து இடங்கள்: லாயம், கொல்லன் பட்டறை, மர அறுவை ஆலை, சுரங்கம், பண்ணை. மூன்றைப் பிடித்துக் காப்பாற்றினால் போதும், புள்ளி தானாக ஏறும். ஒரு இடத்தின் கொடியை மாற்றச் சில விநாடிகள் அசையாமல் நிற்க வேண்டும். அதற்குள் ஒரு அடி விழுந்தாலும் மறுபடி முதலிலிருந்து. ஆகவே காவலுக்கு ஒரே ஒருவன் நின்றால்கூட, மூன்று பேர் வந்தாலும் உதவி வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். இதைவிட எளிய யுத்தி கிடையாது. ஆனாலும் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் காவலுக்கு ஆளில்லாமல் போவதுதான் என்கிறான் மருமகன். கடைசியில் ஒரு பட்டியல் வருகிறதே, யார் எத்தனை பேரைக் கொன்றார், எவ்வளவு சேதம் விளைவித்தார் என்று, அதில் சும்மா நின்றதற்கு மதிப்பில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஆட்டம் முழுக்கப் பண்ணையில் நின்றான். எதிரி ஒருவன் எட்டிப் பார்த்தான், ஆள் இருப்பதைக் கண்டு திரும்பிப் போனான். அவ்வளவுதான் நடந்தது. அவன் தரப்பு வென்றது. பட்டியலில் அவன் பெயர் கடைசி. பத்தாவது பெயர்க்காரன் அவனை ஆங்கிலத்தில் ஏதோ திட்டியிருந்தான்.

எங்கள் ஊரில் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. நெருப்பை மூட்டியவர் பெயர் உலகத்துக்குத் தெரியும். ஒவ்வொரு இரவும் அணையாமல் பார்த்துக்கொண்டவர்களின் பெயர்ப் பட்டியல் எங்காவது இருக்கிறதா? இதை நினைக்காமல் நான் அந்தப் பண்ணையைப் பார்க்க முடியவில்லை.

காவலின் மதிப்பு காவல் தவறும்போது தெரியும். ஈவ் ஆன்லைன் என்று விண்வெளிக் கப்பல்களின் விளையாட்டு ஒன்று. அதில் 2014 ஜனவரியில் ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட ஒரு போர் இருபத்தொரு மணி நேரம் நடந்தது. டைட்டன் என்ற வகையில் மட்டும் 75 பெருங்கப்பல்கள் அழிந்தன. கட்ட மாதக்கணக்காகும் கப்பல்கள். கூட்டம் தாங்காமல் அங்கே காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு மெதுவாக்கினார்கள். இத்தனைக்கும் காரணம்? அந்த நட்சத்திர மண்டலத்தை வைத்திருந்த கூட்டணி, அதற்கான கட்டணத்தைத் தவணையில் கட்டவில்லை. தானாகக் கழிந்துவிடும் என்று நினைத்திருந்தார்கள், கழியவில்லை. பிடி விட்டுப்போயிற்று, எதிரி நுழைந்தான். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிற எனக்கு இந்தச் சரித்திரம் தந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. வீரர்களின் போர் ஒரு குமாஸ்தாவின் வேலை நடக்காததால் மூண்டிருக்கிறது.

யுத்தியைவிடக் கடினமான பிரச்சினை தரப்புகளின் சமநிலை. ஆயுதங்களைச் சமமாக்கிவிடலாம், நிலப்படத்தைக் கண்ணாடி போல இரு பக்கமும் ஒன்றாகச் செய்யலாம். ஆள் எந்தப் பக்கம் சேர்வான் என்பதை யார் சமமாக்குவது? ஹோர்டின் இனங்களுக்குப் பிறவியிலேயே சில அனுகூலங்கள்: ஓர்க்கை மயக்கி நிறுத்துவது கடினம், செத்துப் பிழைத்தவன் அச்சத்தை உதறிவிடுவான். சின்ன வித்தியாசங்கள்தான். ஆனால் சண்டையை விரும்புகிறவன் அந்தச் சின்ன வித்தியாசத்தைத் தேடிப் போவான். கெட்டிக்காரர்கள் போன இடத்துக்கு மற்றவர்களும் போவார்கள். விளைவு, 2021இல் ஹோர்டுக்காரர்கள் ஒரு போருக்கு இடம் கிடைக்க நீண்ட க்யூவில் நின்றார்கள். வெல்லும் பக்கத்தில் எல்லோரும் சேர்ந்துவிட்டால் வெல்வதற்கு எதிரி எங்கே? தோற்கும் தரப்பில் ஏன் இருக்கிறாய் என்று மருமகனைக் கேட்டேன். ஏதாவது லட்சியம் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். “இங்கதான் மாமா க்யூ கிடையாது.”

நிறுவனம் அந்த வருஷம் கண்ட வழி, ஹோர்டையே ஹோர்டோடு மோதவிடுவது. அதே கொடி, அதே இனங்கள், எதிரே நிற்பதும் தன் ஆள். இந்த இடத்தில் எனக்குக் கோவூர் கிழார் நினைவுக்கு வந்தார். உறையூரை நலங்கிள்ளி முற்றியிருக்க, உள்ளே நெடுங்கிள்ளி அடைத்திருக்க, நடுவில் போய் நின்றவர். இருவர் கழுத்திலும் இருப்பது ஆத்திதான், யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடிதான் என்பது அவர் வாதம். புறநானூற்றில் அது 45ஆம் பாட்டு. அவருக்கு அது போரை நிறுத்துவதற்கான காரணமாயிருந்தது. நிறுவனத்துக்கு அதுவே போரைத் தொடர்வதற்கான உபாயம். கோவூர் கிழாருக்குப் பரிசில் கொடுக்க இரண்டு தனித்தனிக் கைகள் இருந்தன. இங்கே இரு தரப்பிடமும் மாதச் சந்தா வசூலிக்கிற கை ஒன்றே.

விளையாட்டின் புதிய வடிவத்தில் 2015இலேயே வேறொரு வழியும் வந்திருந்தது: கூலிப்படை. தன் தரப்பில் க்யூ நீளமாக இருந்தால் முகத்தையும் இனத்தையும் தற்காலிகமாக மாற்றிக்கொண்டு எதிர்த்தரப்புக்காகச் சண்டை போடலாம். சமநிலைக்கு நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் தரப்பு என்பது அதன் பிறகு சட்டை.

பக்கம் மாறுவதே தவறென்று சொல்ல வரவில்லை. ஆடுபுலி ஆட்டத்தில் மாறித்தான் ஆடுகிறோம். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி வெட்டும், ஆடு வெட்டாது, அடைக்கும். ஆயுதமும் வேறு, எண்ணிக்கையும் வேறு, நோக்கமே வேறு. அதைவிடச் சமனற்ற இரு தரப்புகளை எந்த நிறுவனமும் வடிவமைத்ததில்லை. ஆனாலும் கோயில் கல்தரையில் கோடு கீறி நூற்றாண்டுகளாக ஆடியிருக்கிறோம். இந்தத் தடவை நீ புலி, அடுத்த தடவை நான். ஆட்டை நகர்த்தும்போது புலியின் பசியும் தெரிந்தவனாக இருப்பான். கூலிப்படைக்காரனுக்கு இந்த ஞானம் தேவையில்லை. க்யூ குறைந்தால் சரி.

இதையெல்லாம் விடச் சரியான தீர்வு நம் தெருப்பிள்ளைகளிடம் இருந்தது. கபடிக்கோ கிட்டிப்புள்ளுக்கோ ஆள் சேர்ந்ததும் முதலில் உத்தி பிரிப்போம். இரண்டு தலைவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். மற்றவர்கள் ஒத்த பலமுள்ளவனோடு சோடி சேர்ந்து தள்ளிப்போய் ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டு வந்து நிற்பார்கள். பூ வேண்டுமா, காய் வேண்டுமா? தலைவன் பெயரைக் கேட்பான், ஆள் தெரியாது. கேட்ட பெயர்க்காரன் அந்தப் பக்கம், மற்றவன் இந்தப் பக்கம். யுத்திக்கும் சோடி பிரிப்பதற்கும் ஒரே சொல் நம்மிடம் இருப்பதை நான் தற்செயலாக நினைக்கத் தயாரில்லை. அகராதிக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும். இந்தச் சடங்கின் உயிர் அந்தத் தோளில் போட்ட கையில் இருக்கிறது. உனக்குச் சமமானவனை நீயே தேர்ந்தெடுக்கிறாய். அவன் பெரும்பாலும் உன் சிநேகிதன். அவன் எதிர்ப்பக்கம் போகவேண்டும் என்று முன்கூட்டியே சம்மதிக்கிறாய். கணினி விளையாட்டில் சிநேகிதர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரே பக்கம் நுழைகிறார்கள். எதிரே சிதறி நிற்கும் பதினைந்து அந்நியர்களை மிதித்துவிட்டு வருகிறார்கள். எந்த இயந்திரம் சோடி சேர்த்தாலும் அந்தச் சம்மதத்தை அதனால் உண்டாக்க முடியாது.

இதை எழுத எனக்கு அருகதை இருக்கிறதா என்ற கேள்வியை இனித் தள்ளிப்போட முடியாது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தபோது எனக்கு ஒரு சிநேகிதர். ஒரே பெஞ்சு, ஒரே புத்தகங்கள், ஒரே சிறுபத்திரிகை. கவிதையில் உருவம் குறித்த ஒரு சச்சரவில் அவர் வேறொரு பத்திரிகைக்குப் போனார். நான்கு வருஷம் அவர் அங்கிருந்து எழுத, நான் இங்கிருந்து மறுக்க, நான் மறுத்ததை அவர் கிழிக்க என்று போயிற்று. நான் எழுதியவற்றில் இன்றும் படிக்கத் தகுந்தவை அந்த நான்கு வருஷத்தவைதான். பிறகு அவர்கள் பக்கம் பலமாகிக்கொண்டு வந்தது. பதிப்பகம், தொகுப்புகள், கூட்டத்துக்கு ஐம்பது பேர். எங்கள் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒவ்வொருவருக்கும் தத்துவார்த்தமான காரணம் இருந்தது. என்னுடையதும் நல்ல காரணம்தான்; எட்டுப் பக்கத்தில் எழுதினேன். எங்கள் ஆசிரியர், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், தன் வீட்டு விலாசத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு தனியாக இன்னும் இரண்டு இதழ் கொண்டுவந்தார். இரண்டையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த அன்று சிநேகிதர் என்னைக் கட்டிக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். டீக்கடையில் வைத்து, “நீ அங்கேயே இருந்திருக்கணும்” என்றார். அதற்குமேல் பேசவில்லை. பொறாமை என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது நாங்கள் இருவரும் எழுதுவதற்கு மறுப்பு வருவதில்லை. இருவரும் நன்றாக எழுதுவதாக எல்லோரும் சொல்கிறார்கள்.

இந்தக் கட்டுரையின் பிரதியை ஆசிரியருக்கு அனுப்புமுன் அவருக்கு அனுப்பினேன். புறத்திணையை நான் புரிந்துகொண்டது முழுக்கத் தப்பு என்று நேற்று தொலைபேசியில் சொன்னார். எழுதுங்கள் என்றேன். அடுத்த இதழில் எத்தனை பக்கம் ஒதுக்க முடியும் என்று ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன்.