குற்றத்தை எண்ணும் முறை

சிறைக் கணக்கைக் கொண்டு குற்றத்தை அளந்தோர் பலர் வறுமையே அதன் தாய் என முடிவு செய்தனர். எட்வின் சதர்லாண்ட் 1949இல் வெளியிட்ட 'வெள்ளைக் கொலர்க் குற்றம்' அந்த அளவுகோலையே ஐயுற்றது. அமெரிக்காவின் 70 பெருங் கம்பனிகளுக்கு எதிராக நீதிமன்றங்களும் ஆணைக்குழுக்களும் வழங்கிய 980 தீர்ப்புகளை அவர் திரட்டினார். அவற்றுட் குற்றவியல் நீதிமன்றங்களுக்குரியவை 158 மாத்திரமே. தண்டிக்கப்படாதவரைக் குற்றவாளி எனல் தகாது என்று போல் டப்பன் 1947இலேயே வாதிட்டிருந்தார். எவரைத் தண்டிப்பது என்பதிலேயே வர்க்கச் சார்பு புகுந்திருக்கையில் இவ்வாதம் எங்ஙனம் நிற்கும்? சதர்லாண்டின் குறை வேறிடத்திலுள்ளது. கம்பனிகளை எண்ணியவர், காரணத்தைப் பிரதானமாகத் தனிமனிதரின் சகவாசத்திலே தேடினார். இலாபத்தின் உந்துதல் அவர் கோட்பாட்டில் உரிய இடம் பெறவில்லை. கம்பனிகளின் பெயர்களையோ, வழக்குக்கு அஞ்சிய பதிப்பகத்தார் நீக்குவித்தனர். அவை நூலில் அச்சேற 1983 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.