3,066 பேர் காசு போட்ட ஜந்து

ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். 2015-ல் 'ஹார்பிஞ்சர் டவுன்' படத்தைப் பார்த்த மறுநாள், ஆபீஸில் பக்கத்து சீட்டு நண்பரிடம் "செம படங்க, மிஸ் பண்ணிடாதீங்க" என்று சொன்னேன். உண்மையில் படம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நடுவில் இரண்டு தடவை மணி பார்த்தேன். இருந்தாலும் சொன்னேன். அவர் அந்த சனி ஞாயிறில் பார்த்துவிட்டு வந்தார். திட்டவில்லை, கிண்டல் பண்ணவில்லை. "என்ன படம் பார்க்கலாம்?" என்று என்னிடம் கேட்பதை மட்டும் அதோடு நிறுத்திவிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதில் எழுதிவைத்த குறிப்புகள்தான் இது. எனக்குப் பிடித்திருந்தது படம் இல்லை, படத்துக்குப் பின்னால் இருந்த நியாயம். ரெண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டேன். படத்தை எடுத்தவர்களும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்துவிட்டார்கள் என்பது என் வாதம்.

நியாயம் என்ன?

அலெக் கில்லிஸ், டாம் வுட்ரஃப் ஜூனியர் என்று இரண்டு பேர். ஸ்டான் வின்ஸ்டனிடம் தொழில் பழகியவர்கள், அவருடைய குழுவில் 'ஏலியன்ஸ்' (1986) படத்துக்கு வேலை செய்தவர்கள். 1988-ல் தனியாக வந்து, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 'அமால்கமேட்டட் டைனமிக்ஸ்' என்ற பட்டறையை ஆரம்பித்தார்கள். சுருக்கமாக ஏடிஐ. 'ட்ரெமர்ஸ்' (1990) படத்தில் மண்ணுக்கடியில் ஓடுமே பெரிய புழு, அது இவர்கள் கைவேலை. 'ஏலியன் 3'-ல் வரும் ஜந்துவும் இவர்களுடையதுதான். 'டெத் பிகம்ஸ் ஹர்' (1992) படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் வாங்கிய நால்வரில் வுட்ரஃப் ஒருவர்.

2011-ல் வெளியான ஒரு படத்துக்காக இவர்களுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982) படத்துக்கு முன்கதையாக, அதே பெயரில் ஒரு படம். பட்ஜெட் சுமார் 3 கோடியே 80 லட்சம் டாலர். ஏடிஐ ஜந்துக்களை நிஜமாகவே செய்து கொடுத்தது. ரப்பர், சிலிக்கான், உள்ளே மோட்டார், வெளியே கேபிள். சைக்கிள் பிரேக்கை அழுத்தினால் கம்பி இழுபட்டு சக்கரத்தைப் பிடிக்கும் இல்லையா, அதே தத்துவம்தான். பத்தடி தள்ளி நிற்பவர் லீவரை இழுத்தால் ஜந்துவின் உதடு துடிக்கும். ஒரு முகத்துக்கே நாலைந்து பேர் நின்று இயக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் படம் பிடித்தாகிவிட்டது. அதற்கப்புறம் ஸ்டூடியோ பக்கத்தில் முடிவு மாறியது. ஏடிஐ செய்ததில் பெரும்பகுதியின் மேல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பூசப்பட்டது. உச்சக்காட்சிக்காகச் செய்த வேற்றுக்கிரக விமானியை அப்படியே தூக்கிவிட்டார்கள். படம் வந்ததும் ரசிகர்கள் "இது என்ன சிஜி?" என்று திட்டினார்கள். ஏடிஐ பதில் பேசாமல், பட்டறையில் எடுத்த சோதனை வீடியோக்களை யூடியூபில் போட்டது. பூசுவதற்கு முன்னால் அந்த ஜந்துக்கள் எப்படி இருந்தன என்று ஜனங்கள் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்தது. எனக்கும்தான்.

அந்த வயிற்றெரிச்சல்தான் முதலீடாக மாறியது. 2013 மே மாதம் கில்லிஸ் கிக்ஸ்டார்ட்டரில் ஒரு திட்டம் போட்டார். தானே எழுதி இயக்கும் ஒரு மான்ஸ்டர் படம். ஜந்து முழுக்கக் கைவேலையில் இருக்கும், கம்ப்யூட்டரில் வரைந்த மான்ஸ்டர் கிடையாது. கேட்டது 3,50,000 டாலர். கடைசி நாள் நெருங்கும்போதுதான் இலக்கைத் தொட்டது. முடிவில் சேர்ந்தது 3,84,181 டாலர். போட்டவர்கள் 3,066 பேர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரியாக ஆளுக்கு 125 டாலர். அன்றைய மதிப்பில் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு டிக்கெட்டுக்கு யாரும் ஏழாயிரம் கொடுக்க மாட்டார்கள். வேறு எதையோ வாங்க நினைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு கணக்கும் உண்டு. இந்த மொத்தத் தொகை 2011 படத்தின் பட்ஜெட்டில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு.

படம் எப்படி?

பேரிங் கடலில் நண்டு பிடிக்கும் கப்பல் ஹார்பிஞ்சர். கேப்டனாக லான்ஸ் ஹென்ரிக்சன். 'ஏலியன்ஸ்' படத்தில் பிஷப்பாக வருவாரே, அவரேதான். பெலூகா திமிங்கிலங்களை ஆராய அவருடைய பேத்தி கப்பலில் வருகிறாள். பனிக்கட்டிக்குள் உறைந்து கிடக்கும் ஒரு பழைய சோவியத் விண்கலத்தைக் கண்டெடுக்கிறார்கள். அது விழுந்தது 1982-ல். கார்பென்டர் படம் வந்த வருஷம் என்பது தற்செயல் இல்லை. கலத்துக்குள் டார்டிகிரேட் என்ற நுண்ணுயிர் விண்வெளிக் கதிர்வீச்சில் உருமாறி உட்கார்ந்திருக்கிறது. வறட்சி, உறைகுளிர், வெற்றிடம் எதிலும் தாக்குப்பிடிக்கும் ஜீவன் அது. மான்ஸ்டருக்கு இதைவிட நல்ல விதை கிடைக்காது. ஐடியா பிரமாதம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜந்து திரையில் இருக்கும் நேரங்களில் அதற்கு எடை இருக்கிறது. நடிகர் அதைத் தொடும்போது விரல் அமுங்குகிறது. ஈரம் நிஜமான ஈரம். பக்கத்தில் நிற்பவரின் முகத்தில் தெரியும் அருவருப்பில் பாதி நடிப்பாக இருக்காது. ஹென்ரிக்சன் வழக்கம்போல, சுமாரான வசனத்தையும் அனுபவம் பேசுவது மாதிரி பேசிவிடுகிறார்.

இனி குறைகள். முதலாவது, ஜந்து சரியாகத் தெரியவே இல்லை. இருட்டு, ஆடும் கேமரா, வேகமான வெட்டு. 3,066 பேர் எதைப் பார்க்கக் காசு கொடுத்தார்களோ அதைத்தான் மறைத்து மறைத்துக் காட்டுகிறார்கள். காரணம் புரிகிறது. ரப்பரின் ஓட்டைகள் வெளிச்சத்தில் தெரிந்துவிடும், சரிசெய்ய நாளும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் 1982 படத்தை நினைத்துப் பாருங்கள். மாரடைப்பு வந்தவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும்போது நெஞ்சு வாயாகத் திறக்கும் காட்சி. நல்ல வெளிச்சமுள்ள மருத்துவ அறையில் நடக்கிறது. ராப் பாட்டினின் வேலையை கேமரா நிதானமாக நின்று பார்க்கிறது. அந்தத் தைரியம் இங்கே இல்லை.

இரண்டாவது குறைதான் பெரிது. ஜந்து கவ்வும்போது யாருக்காகவும் நமக்குப் பதறவில்லை. 1982 படத்தில் நினைவில் நிற்பது ஜந்துவை விட அந்த ரத்தப் பரிசோதனைக் காட்சி. கிண்ணத்தில் ரத்தம், பழுக்கக் காய்ச்சிய கம்பி, கட்டிப் போடப்பட்ட மனிதர்கள். யார் மனிதன், யார் இல்லை என்ற சந்தேகத்தில்தான் பயமே இருக்கிறது. அந்தக் காட்சியில் ரப்பர் வருவதற்கு முன்னாலேயே நமக்கு வியர்த்துவிடும். 'ஹார்பிஞ்சர் டவுன்' கப்பலில் ஆட்கள் இருக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒவ்வொருவராகப் போகிறார்கள். போனவரைப் பற்றி இருப்பவருக்கே பெரிய கவலை இல்லை. நமக்கு எப்படி வரும்?

தவறு எங்கே?

இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறேன், அதனால் எனக்கு இப்படித்தான் யோசிக்க வருகிறது. இது ஸ்பெக்கில் உள்ள தவறு. "சிஜி மான்ஸ்டர் இருக்காது" என்பது ஒரு தேவை இல்லை. எது இருக்கக்கூடாது என்று மட்டும்தான் சொல்கிறது, எது இருக்க வேண்டும் என்று சொல்லவே இல்லை. அந்த ஸ்பெக்கின்படி பார்த்தால் படம் நூற்றுக்கு நூறு பாஸ். கம்பிகளையும் இயக்குபவர்களையும் அழிக்க மட்டும் கம்ப்யூட்டரைத் தொட்டார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டார்கள். படம் நன்றாக இருக்கும் என்ற வாக்கை யாரும் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

எங்கள் டீமில் ஒரு முறை இது நடந்திருக்கிறது. பழைய சிஸ்டத்தின் மேல் உள்ள கடுப்பில், "அதில் இருந்த எதுவும் இதில் இருக்காது" என்று சபதம் போட்டுப் புதிதாக ஒன்றை எழுதினோம். சபதம் நிறைவேறியது. உபயோகிப்பவர்கள் திரும்பப் பழையதையே கேட்டார்கள். கோபம் ஒரு வேலையைத் தொடங்கிவைக்கும், ஆனால் அந்த வேலையை வடிவமைக்க அதனால் முடியாது.

கைவேலையின் பெரிய பலம் ரப்பரின் ஈரத்தில் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அது முன்கூட்டியே முடிவெடுக்க வைக்கிறது. ஜந்து எந்தப் பக்கம் திரும்பும், கேமரா எங்கே, வெளிச்சம் எங்கிருந்து, கேபிள் இழுப்பவர் எங்கே ஒளிவார் என்று எல்லாம் படப்பிடிப்புக்கு முன்பே தெரிந்தாக வேண்டும். சிஜி, முடிவைத் தள்ளிப்போட அனுமதிக்கிறது. 2011 படத்தில் நடந்தது அந்தத் தள்ளிப்போடல்தான். அதற்குப் பதில் சொல்ல வந்த படம், ஜந்துவுக்கு மட்டும் முன்கூட்டியே முடிவெடுத்தது. மனிதர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது.

ஒரு எதிர் உதாரணம்

கூட்ட நிதியில், கைவேலையில், நல்ல மான்ஸ்டர் படம் எடுக்கவே முடியாதா? முடியும். ஜப்பானில் டைசுகே சாட்டோ இயக்கிய 'ஹவுல் ஃப்ரம் பியாண்ட் தி ஃபாக்' (2019) பாருங்கள். இதுவும் ரசிகர்கள் காசு போட்டு எடுத்ததுதான். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மூலக்கதை ரே பிராட்பரியின் 'தி ஃபாக் ஹார்ன்'. கடலடியில் தனியாகக் கிடக்கும் ஒரு மிருகம், கலங்கரை விளக்கத்தின் மூடுபனிச் சங்கொலியைத் தன் இனத்தின் குரல் என்று நம்பி வருகிற கதை. சாட்டோ அதை மெய்ஜி காலத்து ஜப்பானுக்குக் கொண்டுபோய், பார்வையில்லாத ஒரு பெண்ணுக்கும் அந்த மிருகத்துக்கும் உள்ள உறவாக மாற்றினார். மிருகத்தை வடித்தவர் கெய்ஸோ முராசே. 'மோத்ரா' (1961) உட்பட பல படங்களுக்கு ஜப்பானிய ராட்சச மிருகங்களைச் செய்துவந்த கை.

இந்தப் படத்தில் மிருகம் மட்டுமல்ல, மனிதர்களும் பொம்மைகள். படம் பிழைத்ததே அந்த முடிவால்தான். நிஜ மனிதர் பக்கத்தில் பொம்மை மிருகம் நின்றால் கண் தையலைத் தேடும். எல்லாமே பொம்மை என்றால் கண் சமாதானமாகி, கதைக்குள் போய்விடும். மூடுபனியும் அப்படித்தான். அது செட்டின் ஏழ்மையை மறைக்கிறது, அதே நேரம் கதையின் மனநிலையும் அதுதான். 'ஹார்பிஞ்சர் டவுன்' படத்தின் இருட்டு மறைப்பதோடு நின்றுவிடுகிறது.

அப்போ ஆதரிக்கக் கூடாதா?

ஆதரிக்கணும். கில்லிஸ் செய்தது சாதாரண விஷயம் இல்லை. தன் வேலையை மூடி மறைத்தவர்களோடு சண்டைக்குப் போகாமல், ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். அந்தப் பணம் ஒரு பட்டறைக்கு வேலை கொடுத்தது. சிற்பம் வடிப்பவர், அச்சு எடுப்பவர், ஒவ்வொரு முடியாக நடுபவர், கேபிள் கட்டுபவர் என்று ஒரு தொழிலையே இன்னும் கொஞ்ச காலம் மூச்சுவிட வைத்தது. இந்தத் தொழிலை வெறும் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. பட்டறை மூடினால் அதோடு போச்சு. அந்த 3,066 பேர் ஏமாந்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆதரவு என்பது காசு போடுவதோடு முடிகிற விஷயம் இல்லை. ஷியாம் பெனகலின் 'மந்தன்' (1976) படத்துக்கு குஜராத்தின் 5 லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். அவர்கள் காசு போட்டது தங்கள் கதைக்கு. அதனால் கதை சரியாக வந்திருக்கிறதா என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. மான்ஸ்டர் பட ரசிகர்களான நாம் ஜந்துவுக்குக் காசு போட்டோம். கதையைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டால் துரோகம் மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம். நான் நண்பரிடம் சொன்ன பொய்யும் அந்தப் பயத்தில் வந்ததுதான்.

அந்தப் பொய்யால் கில்லிஸுக்கு ஒரு லாபமும் இல்லை. நண்பர் அதற்கப்புறம் கைவேலை மான்ஸ்டர் படம் என்றாலே ஒதுங்கிவிட்டார். "ஜந்துவுக்காகப் பாருங்க, கதை சுமார்தான்" என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை ஜந்துவை ரசித்திருப்பார். அடுத்த படத்துக்கும் வந்திருப்பார்.

போன வாரம் அவருக்கு ஜப்பான் படத்தின் பெயரை வாட்ஸப்பில் அனுப்பினேன். கூடவே, "2015-ல் சொன்னது பொய். இது நிஜம். அரை மணி நேரம்தான்" என்று எழுதினேன். இரண்டு நீல டிக் வந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.