இரண்டு பேர்ச் வீடும் நிரப்பிய வயலும்

மாளிகாவத்தை என்ற பெயரின் கடைசியில் நிற்கும் ‘வத்த’ சிங்களத்தில் தோட்டம். ஆனால் கொழும்பில் ‘தோட்டம்’ என்று சொன்னால் யாருக்கும் மரம் நினைவுக்கு வராது. பொதுக் குழாய், ஒடுங்கிய சந்து, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் இவைதான் கண்முன் வரும். பெரிய வளவுகள் துண்டுபட்டுக்கொண்டே போன கதை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இன்று அதே கதை நகரத்துக்கு வெளியே நடக்கிறது. தொடர்மாடியில் இரண்டு அறைக்குள் மூன்று தலைமுறையாக நெருக்குண்ட குடும்பம் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் வெல்லம்பிட்டி, கொலன்னாவை, கடுவெல என்று காணி பார்க்கப் போகிறது. அங்கே தரகர் காட்டும் துண்டு சில காலம் முன்புவரை வயலாக இருந்திருக்கலாம்.

காணியைத் துண்டாடுவதற்கு விதி உண்டு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு விதிகள் ஒரு துண்டுக்குக் குறைந்தபட்சம் 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச் வேண்டும் என்றன. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்கு ஒதுக்கவேண்டும் என்றும் அவை கூறின. இவற்றில் நியாயம் இருக்கிறது. கழிவுநீர்க் குழாய் இல்லாத இடத்தில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே தூரம் வேண்டும். பின்சுவருக்கு வெளிச்சம் வேண்டும். அம்புலன்ஸ் திரும்பப் பாதை வேண்டும்.

ஆனால் அதே விதி ஏழைக் குடும்பத்தை வேறொரு மூலையில் நெருக்குகிறது. தகப்பன் விட்டுப்போனது 10 பேர்ச், பிள்ளைகள் இருவர். ஆளுக்கு ஐந்தாகப் பிரித்தால் ப்ளான் அங்கீகாரம் பெறாது. ஆகவே உறுதியில் ‘பிரிபடாத பங்கு’ என்று எழுதிக்கொண்டு, நடுவே மதில் எழுப்பி வாழ்கிறார்கள். அந்தப் பங்கை ஈடுவைத்துக் கடன் வாங்கப் போனால் வங்கி தயங்கும். விதிவிலக்கு தேவைப்படுவது இப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

கொழும்பு அப்படியொரு விலக்கை ஒருமுறை துணிந்து கொடுத்தது. 1984இல் பிரதமர் பிரேமதாச தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தில், நகரத்துத் தோட்டங்கள் விசேட திட்டப் பகுதிகளாக்கப்பட்டு, வழமையான கட்டட விதிகள் அங்கே தளர்த்தப்பட்டன. 6 பேர்ச்சுக்குப் பதில் 2 பேர்ச். எனக்கு அந்த எண்ணைவிட அதை அளந்த முறைதான் பெரிதாகப் படுகிறது. தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் அலுவலரும் குடியிருப்பாளரும் அந்த இடத்திலேயே கூடி, சந்து எவ்வளவு அகலம், யாருடைய சுவர் எவ்வளவு பின்வாங்கவேண்டும் என்று பேசி, கட்டை நட்டு எல்லை போட்டார்கள். பாதிக்கப்படுகிறவர் பக்கத்திலேயே நின்றார். கயிறு இழுப்பதை அவர் கண்ணால் பார்த்தார். குறையும் உண்டு. அந்த 2 பேர்ச்சில் பின்னாளில் மாடிமேல் மாடி ஏறி, கீழ்வீடுகள் இருண்டுபோயின. அடுத்த தலைமுறைக்கு இடம் எங்கே என்று அன்று யாரும் கணக்குப் போடவில்லை.

வயல்களுக்கு வழங்கப்படும் விலக்கில் அப்படி நேருக்கு நேர் பேசுவது இல்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்ப முடியாது. கமநலத் திணைக்களம் நெல்லைப் பார்க்கிறது, காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் வடிகாலைப் பார்க்கிறது, பிரதேச சபை பாதையையும் எல்லையையும் பார்க்கிறது. ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே சரியாக இருக்கலாம். தண்ணீர் கோப்பு வாரியாக வருவதில்லை. 10 பேர்ச் வயலில் ஒரு அடி உயரத்துக்கு நீர் தேங்கினால் ஏறத்தாழ 77,000 லீற்றர். ஓர் ஏக்கர் என்றால் 12 இலட்சம் லீற்றருக்கும் மேல். மண் நிரப்பிய பிறகு அவ்வளவும் பள்ளத்திலுள்ள வீட்டுக்குப் போகும். மேட்டில் ஒருவர் அனுமதி கேட்கும்போது பள்ளத்தில் இருப்பவரை யார் அழைக்கிறார்கள்? 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கின. களனி ஆறு பெருகியதுதான் முதற் காரணம். ஆனால் பெருகிய நீர் ஒதுங்கி நிற்க வயலும் சதுப்பும் குறைந்திருந்தன.

இதில் சிறியவர்களை மட்டும் குற்றம் சொல்வது அநீதி. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று சுவீகரித்த தாழ்நிலம் தனியார் கோல்ஃப் மைதானமானது. 2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அதைப் பொது நம்பிக்கையை மீறிய செயல் என்று கண்டு, முன்னாள் ஜனாதிபதி முப்பது இலட்சம் ரூபா செலுத்தவேண்டும் என்று உத்தரவிட்டது. வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கு என்றால் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் நீதிமன்றம்வரை போவதற்கு எல்லா ஊருக்கும் வழக்காளி கிடைப்பதில்லை.

ஒரு ஹெக்டேயர் என்ற எல்லையும் ஓட்டையாகலாம். காணியை இரண்டு ப்ளானாக, இரண்டு வருட இடைவெளியில் கொண்டுவந்தால், பொதுவுக்கு விடவேண்டிய அந்தப் பத்திலொரு பங்கு கணக்கில் காணாமலே போய்விடும். ஆகவே துண்டை விட்டுவிட்டு வடிகால் படுகையைக் கணக்கெடுக்க வேண்டும்: இந்தக் கால்வாய்க்கு வடியும் வயல்களில் இதுவரை எவ்வளவு நிரப்பப்பட்டது என்ற கூட்டுத்தொகை ஒவ்வொரு விண்ணப்பத்தின் முதல் தாளிலும் இருக்கவேண்டும். விலக்குக் கேட்பவர் காணியின் முகப்பில் மூன்று மொழியிலும் பலகை நடவேண்டும்.

மாளிகாவத்தையிலிருந்து காணி பார்க்க வருகிறவர் மழைக்காலத்தில் வருவதில்லை. வெயிலில் வருகிறார், காய்ந்த செம்மண்ணையும் புதிதாக நட்ட எல்லைக் கட்டைகளையும் பார்க்கிறார். இது வயல், இந்த ஆண்டு நிரப்ப அனுமதி கொடுக்கப்பட்டது, இன்னின்ன காரணத்துக்காக என்று அந்தப் பலகை சொல்லுமானால், முற்பணம் எண்ணிக் கொடுக்குமுன் அவர் அதை வாசித்திருப்பார்.