ஆர்ட்டீமியா போதும் என்னும் வாதம்

மெக்சிகோ 2021இல் வெளியிட்ட 50 பெசோ தாளில் ஆக்சலாட்டில் என்னும் நீர்வாழ் சாலமாண்டர் இடம்பிடித்தது. அந்த ஆண்டின் சிறந்த பணத்தாள் என்ற சர்வதேசப் பரிசையும் அந்தத் தாள் வாங்கியது. அதே ஆண்டில் மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டுக்குள்ளும் ஆக்சலாட்டில் நுழைந்தது. அதன் இயற்கை வாழிடமான சொச்சிமில்கோ கால்வாய்களில் 1998இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்று மதிப்பிடப்பட்ட உயிர், 2014இல் 36ஆகச் சுருங்கிவிட்டது. வீட்டுத் தொட்டிகளிலோ பெருகிக்கொண்டே போகிறது. ஒரு பெட்டை ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகளுக்கு என்ன போடுவது என்று கேட்டால், அனுபவசாலிகள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: ஆர்ட்டீமியா என்னும், இறால் போன்ற சிறு உயிர். ஆய்வுக்கூடங்களே அதைத்தான் போடுகின்றன, அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் வாதம். யோசிக்க நிறையவே இருக்கிறது.

ஆர்ட்டீமியாவின் நல்ல குணங்களில் சந்தேகமில்லை. பொரித்த குஞ்சு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம்தான் இருக்கும். வயிற்றிலுள்ள மஞ்சள்கரு இரண்டு மூன்று நாளில் தீர்ந்ததும் இரை தேடத் தொடங்கும். அந்தப் பருவத்தில் அசைவது மட்டுமே அதற்கு இரை. அரைத்த தீவனமும் அவித்த முட்டைக்கருவும் தண்ணீரைக் கெடுப்பதோடு சரி. ஆர்ட்டீமியாக் குஞ்சு அரை மில்லிமீட்டர் அளவில், துள்ளித் துள்ளி நீந்தும். அதன் முட்டைகள் டப்பாவில் நாள்பட இருக்கும். உப்புத் தண்ணீரில் 28 டிகிரி சூட்டில் காற்றுக் குமிழ் விட்டால் ஒரே நாளில் பொரிந்துவிடும். இவ்வளவு வசதியான உயிர் இரை வேறில்லை.

ஆனால் அது உப்பு நீரின் உயிர். நன்னீர்த் தொட்டியில் விழுந்த சில மணி நேரத்தில் செத்துப்போகும். செத்தது அசையாது, அசையாததைக் குஞ்சு தொடாது. காலையில் போட்டதில் தின்றது போக மிஞ்சியது, மாலைக்குள் தொட்டியின் அடியில் செம்மஞ்சள் தூளாகப் படிந்துவிடுகிறது. அந்தத் தூள் அழுகி அம்மோனியாவாகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய செவுள்களோடு குஞ்சு அதிலேயேதான் மூச்சுவிட வேண்டும். வயிறு ஆரஞ்சு நிறமாகும்வரை போடுங்கள் என்பது பரவலான அறிவுரை. கண்ணாடி போன்ற அந்த உடலில் ஆரஞ்சு வயிறு பளிச்சென்று தெரிவது உண்மைதான். குஞ்சு தின்றிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதைவிட மோசம், இரு வேளைக்கும் நடுவில் வரும் வெறும் வயிறு. இரை செத்து அடங்கிய அந்த நேரத்தில் தொட்டியில் அசைவது பக்கத்துக் குஞ்சின் கால் மட்டுமே. நெருக்கடியான தொட்டியில் ஒன்றின் காலை மற்றொன்று கடிப்பதை இனத்தின் சுபாவம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அந்தச் சுபாவத்துக்குத் தீனி போடுவது பசி. அந்தப் பசியை உண்டாக்குவது நாம் வகுத்த வேளை. வெட்டுப்பட்ட கால் மீண்டும் முளைத்துவிடும் என்ற சமாதானம் வளர்ப்பவருக்கு ஆறுதலாக இருக்கலாம். கடிபட்ட குஞ்சு அந்த வளர்ச்சிக்கான சத்தையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கிறது.

ஆய்வுக்கூடத்தை மேற்கோள் காட்டுவோர் பாதியைத்தான் பார்க்கிறார்கள். இந்தியானாவிலிருந்து 2005இல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு மாறிய ஆக்சலாட்டில் சேகரிப்பு போன்ற இடங்களில் தண்ணீரை மாற்றுவதும் குஞ்சுகளைப் பிரித்து வைப்பதும் அன்றாட வேலை. அதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தீவனத்தைப் பின்பற்றிவிட்டு அந்த உழைப்பை விட்டுவிட்டால், அது ஆய்வுக்கூட முறை ஆகாது. மாற்று இல்லாமலும் இல்லை. நீர்த்தெள்ளு வகைகளான டாப்னியாவும் அதைவிடச் சிறிய மொய்னாவும் நன்னீரிலேயே பிறந்து வளர்பவை. வலையில் சலித்தெடுத்த சிறிய டாப்னியாவையும் மொய்னாவையும் பொரித்த குஞ்சால் விழுங்க முடியும். தின்னாமல் விட்டவை செத்து அழுகாமல், தண்ணீரிலுள்ள பாக்டீரியாவை மேய்ந்துகொண்டு அடுத்த பசிக்குக் காத்திருக்கும். குளத்து டாப்னியாவோடு, குஞ்சுகளைத் தாக்கும் ஹைட்ராவும் தட்டாரப்பூச்சிக் குஞ்சும் வந்துவிடும் என்பது நியாயமான பயம்தான். பாசியால் பச்சையேறிய தண்ணீர் வாளியில் தனியாக வளர்த்தால் அந்தப் பயம் தீரும். அந்த வளர்ப்பு திடீரென்று அழிந்துவிடும் என்பார்கள். அதற்கு இரண்டாவது வாளி வைக்கலாம்.

கடைசியாக வரும் வாதம்தான் உண்மையானது: ஐந்நூறு குஞ்சுகளுக்கு டாப்னியா வளர்த்து மாளாது. மாளாதுதான். அப்படியானால் ஐந்நூறு குஞ்சுகளை ஏன் பொரிக்கவிட வேண்டும்? ஆர்ட்டீமியா டப்பா தருவது குஞ்சுகளுக்கான உணவை அல்ல, கணக்கில்லாமல் பொரிக்கவிடும் துணிச்சலை. முதல் சில நாட்களுக்கு அது கைகொடுக்கட்டும். அதற்குமேல் நன்னீர் இரையைத் தர முடிகிற எண்ணிக்கைக்கு மட்டும் முட்டைகளை வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கரு வளர்வதற்கு முன்பே உறைய வைத்துவிடுவதுதான் வளர்ப்பவரின் பொறுப்பு. அதற்கு மனம் வராதவர்கள் இந்த உயிரை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.