'ஹியர்பை' என்னும் வினையடையும் 'ஈங்கிதனால்' என்னும் தமிழாக்கமும்

ஆங்கிலச் சட்ட ஆவணங்களிலும் சான்றிதழ்களிலும் வரும் வினையடை 'ஹியர்பை'. 'இந்த எழுத்தாலேயே', 'இப்படிச் சொல்வதாலேயே' என்பது அதன் பொருள். 'இத்துடன்' எனப் பொருள்படும் 'ஹியர்வித்' வேறு சொல். விண்ணப்பம் எழுதும் மாணவர் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர்.

சில வாக்கியங்கள் செய்தி சொல்வதில்லை, சொல்லும்போதே ஒரு செயலைச் செய்துவிடுகின்றன என்றார் ஆக்ஸ்போர்டு மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின். 1955இல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய உரைகள் 1962இல் நூலாக வந்தன. அத்தகைய வாக்கியத்தை அடையாளம் காண 'ஹியர்பை' உதவும். 'இதன் மூலம் உறுதியளிக்கிறேன்' பொருந்தும். 'இதன் மூலம் நடக்கிறேன்' பொருந்தாது.

இந்திய அரசமைப்பின் முகப்புரையில் 1949 நவம்பர் 26 என்ற நாளைக் குறித்த பின் இச்சொல் வருகிறது. ஏற்றல், இயற்றல், வழங்கிக்கொள்ளல் ஆகிய மூன்று வினைகளையும் அது தழுவுகிறது. தமிழாக்கத்தில் அதற்கு நேராக நிற்பது 'ஈங்கிதனால்'. 'ஈங்கு' செய்யுள் வழக்கு. 'இதனால்' என்பதே போதுமே, இது வேண்டாத அணி என்று வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். இப்போது சொல்லமாட்டேன். 'இதனால்' என்பதற்கு 'இதைக் கொண்டு', 'இக்காரணத்தால்' என இரு பொருள் உண்டு. தண்டோராக்காரர் 'இதனால் சகலமானவர்களுக்கும்' என்றபோது முதற்பொருள்தான். இன்றைய பிள்ளைகளோ 'எதனால் சார்?' என்பார்கள். முகப்புரையில் நீதி, சமத்துவம் முதலிய நோக்கங்கள் முன்னால் வருவதால், வெறும் 'இதனால்' 'ஆகவே' என்றே படிக்கப்படும். 'ஈங்கு' அதைத் தடுக்கிறது. ஆனாலும் பொருள் அறிய அகராதியைப் புரட்ட வைப்பது குறைதான்.

எங்கள் ராசிபுரம் பக்கத்துக் கிரையப் பத்திரங்களைப் பாருங்கள். 'எழுதிக் கொடுத்த சுத்தக் கிரையப் பத்திரம் என்னவென்றால்' என்பார்கள். கையெழுத்தே இன்னும் விழவில்லை, அதற்குள் இறந்தகாலம்! சந்தையில் விலை படிந்ததும் மாட்டுக்காரர் 'கொடுத்தேன்' என்பதும் இப்படித்தான். கயிறு இன்னும் அவர் கையில்தான் இருக்கும். தெளிவு பற்றிக் காலம் மாறி வரலாம் என்று நன்னூல் இதற்கு இடம் தருகிறது. ஆங்கிலம் வினையடையால் செய்யும் வேலையை இங்கே வினையின் காலமே செய்துவிடுகிறது.

ஆகவே மனுக்களில் பெருகிவிட்ட 'இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்' மிகைதான். 'தெரிவித்துக்கொள்கிறேன்' என்றாலே தெரிவித்தாயிற்று. ஒரு நாள் விடுப்புக் கேட்கும் கடிதத்துக்கு அதுவும் அதிகம். 'விடுப்பு வேண்டுகிறேன்' போதும்.