கோவிட்டும் 'மூணு ஐ.க்யூ புள்ளி'யும்: ஒரு ஆய்வை எப்படி வாசிக்கக் கூடாது

"கோவிட் வந்தவங்களுக்கு ஐ.க்யூ மூணு புள்ளி குறையுது" என்ற வரியை 2024-ல் பல செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் ஆய்வுதான் அதற்கு மூலம். லண்டன் இம்பீரியல் காலேஜைச் சேர்ந்த ஆடம் ஹாம்ப்ஷைரும் அவர் குழுவும் எழுதியது. ஆய்வு நல்ல ஆய்வு. அதை வாசிக்கிற விதத்தில்தான் கோளாறு.

முதலில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். இங்கிலாந்தில் சுமார் 8 லட்சம் பெரியவர்களை அழைத்தார்கள். 1,41,583 பேர் இணையவழித் தேர்வைத் தொடங்கி, 1,12,964 பேர் முடித்தார்கள். நினைவாற்றல், தர்க்கம், திட்டமிடல் என மொத்தம் எட்டுப் பயிற்சிகள். அது ஐ.க்யூ தேர்வே இல்லை. கோவிட் வந்து முழுசாகக் குணமானவர்களின் சராசரி, வராதவர்களின் சராசரியைவிட 0.23 திட்ட விலக்கம் கீழே இருந்தது. தொந்தரவு தீராமல் நீடித்தவர்களுக்கு இது 0.42. ஐ.க்யூ அளவுகோலில் ஒரு திட்ட விலக்கம் 15 புள்ளி. 0.23-ஐ 15-ஆல் பெருக்கினால் மூணரை. தலைப்புச் செய்தி பிறந்த கதை இவ்வளவுதான்.

சரி, 0.23 என்றால் எவ்வளவு? கோவிட் வந்தவர் ஒருவர், வராதவர் ஒருவர் என்று கண்ணை மூடிக்கொண்டு நூறு ஜோடி எடுத்தால், சுமார் 56 ஜோடியில் வராதவர் அதிக மதிப்பெண் வாங்குவார், 44 ஜோடியில் வந்தவர் வாங்குவார். ஆக, ஒரு தனி ஆளைப் பற்றி இந்த எண் ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை.

அப்போ விட்டுவிடலாமா? கூடாது. மதிப்பெண்களின் பரவல் மணி வடிவம் என்று வைத்துக்கொண்டால், மிகவும் கீழே, அதாவது சராசரிக்கு இரண்டு திட்ட விலக்கத்துக்கும் கீழே, ஆயிரத்துக்கு 23 பேர் இருப்பார்கள். மொத்தப் பரவலும் 0.23 இறங்கினால் அதே இடத்தில் 38 பேர். தனி ஆளுக்குச் சின்ன எண், ஒரு நாட்டுக்குப் பெரிய எண். செய்திகள் இதைத் தலைகீழாக்கி, 'உங்க மூளைக்கு என்ன ஆச்சு'ன்னு கேட்டன.

இன்னொரு முக்கியமான விஷயம், 'குறைந்தது' என்ற சொல். இந்த ஆய்வில் யாருக்கும் கோவிட்டுக்கு முன்னால் எடுத்த மதிப்பெண் கிடையாது. ஒப்பிட்டது வேறு வேறு ஆட்களை. வயது, பாலினம், கல்வி போன்றவற்றுக்குச் சரிசெய்திருந்தாலும் இந்த ஓட்டை முழுசா அடையாது. அழைத்தவர்களில் தேர்வை முடித்தவர்கள் ஏழில் ஒருவர்தான். ரொம்ப முடியாமல் இருந்தவர்கள் அத்தனை பயிற்சிகளையும் உட்கார்ந்து முடித்திருப்பார்களா?

அடுத்து, ஆபத்துக் காரணிகள். முதல் வைரஸும் ஆல்ஃபாவும் பரவிய காலத்தில் தொற்றியவர்களுக்குப் பாதிப்பு அதிகம், ஒமைக்ரான் காலத்தில் குறைவு. ஐசியூ போனவர்களுக்கு அதிகம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடுப்பூசி போட்டவர்களுக்குச் சிறிய அனுகூலம். இதை 'ஒமைக்ரான் மூளைக்குச் சாது'ன்னு படிக்கத் தோன்றும். ஆனால் 2020 தொடக்கத்தில் தடுப்பூசி இல்லை, டெக்சாமெத்தசோன் உதவும் என்பதும் அந்த ஜூனில்தான் தெரிந்தது. 'எந்த வகை வைரஸ்' என்ற கட்டத்துக்குள் தடுப்பூசி, சிகிச்சை, கடந்துபோன மாதங்கள் எல்லாமே ஒளிந்திருக்கின்றன. அது பாதி வைரஸ், பாதி காலண்டர். கூடவே வரும் அடையாளம் ஒன்று, காரணம் வேறொன்று.

முன்-பின் அளவு வேண்டுமென்றால் இதே குழு சம்பந்தப்பட்ட இன்னொரு சின்ன ஆய்வு இருக்கிறது. 18 முதல் 30 வயதுவரை உள்ள, தடுப்பூசி போடாத 34 தன்னார்வலர்களுக்கு வேண்டுமென்றே வைரஸைக் கொடுத்தார்கள். 18 பேருக்குத் தொற்றியது. வைரஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே தேர்வு வைத்திருந்தார்கள். தொற்றியவர்களின் மதிப்பெண் ஓராண்டு வரை சற்றுத் தாழ்ந்தே இருந்தது. ஆனால் அவர்களில் யாரும் மறதி, மந்தம் என்று சொல்லவில்லை. ஆள் கணக்கு குறைவு. ஆனாலும் லட்சம் பேரின் ஆய்வில் இல்லாத 'முன்' இதில் இருக்கிறது.

பெரிய ஆய்வில் இதன் மறுபக்கம் இருக்கிறது. மறதி, 'ப்ரெயின் ஃபாக்' என்று சொன்னவர்களின் புகாருக்கும் அவர்கள் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. பலரும் தாண்டிப்போகும் வரி இது. எனக்கு இதுதான் முக்கியம். மதிப்பெண் சரியாக இருந்தும் ஒருவர் வேலையில் தடுமாறலாம். இருபது நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தேர்வை நன்றாக எழுதிவிடலாம். எட்டு மணி நேர வேலைநாள் அப்படியில்லை. "டெஸ்ட் நார்மல், எல்லாம் மனப்பிரமை" என்று அவரைத் திருப்பி அனுப்ப இந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. ஐசியூ போகலை, தடுப்பூசி போட்டாச்சு, ஒமைக்ரான்தான், அதனால் உங்களுக்கு வந்திருக்காது என்று பட்டியலைக் காட்டி மறுப்பதற்கும் இல்லை.

ஆபத்துக் காரணிப் பட்டியல் எந்தக் கூட்டத்தை முதலில் கவனிக்க வேண்டும் என்று திட்டமிட உதவும். எதிரே உட்கார்ந்து புகார் சொல்பவரை நம்பலாமா என்பதற்கு அந்தப் பட்டியல் பதில் இல்லை. அவரிடம் கேட்க வேண்டியது, முன்னால் என்ன முடிந்தது, இப்போது என்ன முடியவில்லை என்பதைத்தான்.